கிளேர்வுட்டை விட்டுப் போகும் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் மருத்துவமனையின் பங்குதாரர்களுக்கும்,

சென்ற மாதம் உங்கள் மருத்துவமனைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. மூன்று மாதத்தில் தென்னாப்பிரிக்காவில் டர்பனின் தெற்கே இருக்கும் இந்தக் கிளேர்வுட்டை விட்டுவிட்டு, நகரத்துக்கு வடக்கே அம்ஷ்லாங்கா மேட்டில் உள்ள ஓர் அலுவலக வளாகத்துக்கு இடம் மாறுகிறீர்கள் என்றும், அங்கே வசதிகள் பெருகும் என்றும், பழைய வாடிக்கையாளர்கள் அங்கேயே வரலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். கீழே ஒரு வரைபடமும் இருந்தது. அதில் நெடுஞ்சாலை இருந்தது, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் பாதை இருந்தது, கார் நிறுத்துமிடம் இருந்தது. பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்சி எங்கே நிற்கும், நடந்து வருகிறவர் எந்த வழியாக வர வேண்டும் என்பது மட்டும் இல்லை.

நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் லாமண்ட்வில்லிலிருந்து வந்த ஒரு கோகோ நின்றுகொண்டிருந்தார். சூலு மொழியில் பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள். நாங்களும் அப்படியே அழைக்கிறோம். வாழைப்பழப் பெட்டி ஒன்றில் இரண்டு நாய்க்குட்டிகளை வைத்து, மேலே துண்டைப் போர்த்தித் தலைச்சுமையாகக் கொண்டு வந்திருந்தார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். "அங்கே எப்படிப் போவது?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள நானே ஒருநாள் போய்ப் பார்த்தேன். அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

உங்கள் மருத்துவமனையின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களைச் சந்தியில் நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. என் வீட்டு நாய்கள் ஆறும் உங்கள் கைகளில் பிழைத்தவை, அல்லது உங்கள் கைகளில் வலியில்லாமல் கண்மூடியவை. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிவிட்டேன். முதல் மடலுக்கு, கருத்துத் தெரிவித்ததற்கு நன்றி என்று ஒரு வரி வந்தது. இரண்டாவது மடலுக்கு அதுவும் வரவில்லை. உங்கள் பங்குதாரர்களில் ஒருவர் பத்து வயதில் கோயில் கூடத்தில், என் சனிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தவர். தம்பி, உங்களால் இதைப் படிக்க முடியும். மற்றவர்களுக்கு நீங்கள் படித்துச் சொல்லுங்கள்.

எனக்கு வயது 68. சிர்தார் சாலைக்குப் பக்கத்தில், மரப்பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய வீட்டில் பிறந்தேன். ஜேக்கப்ஸில் ஒரு துணி ஆலையில் 31 ஆண்டுகள் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். கார் வாங்கியதில்லை, ஓட்டக் கற்றதுமில்லை. கிளேர்வுட்டில் இருக்கும் வரைக்கும் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. கோயில், கடை, ஆலை, நாய் டாக்டர் எல்லாம் நடந்துபோகிற தூரம். எங்கள் வீடுகளில் நாய் டாக்டர் என்றுதான் உங்களைச் சொல்லுவோம். பூனையைத் தூக்கிக்கொண்டு போனாலும் அதே பெயர்தான்.

நீங்கள் விட்டுப் போகும் இடம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். தாளில் "பழைய தொழிற்பேட்டைப் பகுதி" என்று ஒரே தொடரில் முடித்துவிட்டீர்கள். அது பிழை.

1860-ஆம் ஆண்டு நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்து இந்தத் துறைமுகத்தில் இறக்கியது. அதற்குப் பின் கப்பல் கப்பலாக வந்தவர்களில் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் பலர், யாரும் வேண்டாம் என்று விட்டிருந்த டர்பன் தெற்கின் சதுப்பு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். கீரையும் அவரையும் மிளகாயும் போட்டார்கள். என் தாத்தா விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து கொத்துமல்லிக் கட்டுகளை ஈரச்சாக்கில் சுற்றி, நகரத்துச் சந்தைக்குக் கொண்டுபோவார். 1934-இல் வார்விக் பகுதியில் அதிகாலைச் சந்தைக்குக் கட்டடம் எழுந்தபோது அங்கே ஒரு மேசை கிடைத்தது என்பதை என் பாட்டி சாகும் வரையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படித்தான் இந்த ஊர் உண்டானது. சிவசுப்பிரமணியர் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் மசூதியும் கடைத்தெருவும் இந்த மக்களின் கைக்காசில் எழுந்தவை.

பிறகு வந்தது, எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று வகுத்த இனவாரிப் பகுதிச் சட்டம், 1950-இல். நகரசபை எங்கள் வீடுகள் இருந்த மண்ணைத் தொழிற்சாலைகளுக்கு என்று குறித்து வைத்தது. வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்டால் கிடைக்காது; சாக்கடை போடுவதற்குக் காசு இல்லை என்பார்கள்; விற்றுவிட்டுப் போ என்று வாயால் சொல்லாமல் சொன்னார்கள். 1960-களில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த் குடியிருப்பு திறக்கப்பட்டதும் என் அக்கா குடும்பம் போயிற்று, எதிர்வீட்டார் போனார்கள், மளிகைக் கடைக்காரர் போனார். நகராட்சித் தொழிலாளர் குடியிருந்த மேகசின் பாரக்ஸையும் காலி செய்து, அங்கிருந்தவர்களையும் சாட்ஸ்வர்த்துக்குத்தான் அனுப்பினார்கள். போகாமல் தாக்குப்பிடித்தவர்கள் சிலர். நாங்கள் அந்தச் சிலரில் ஒரு வீடு.

உங்கள் மருத்துவமனை இருக்கும் செங்கல் வீடும் அப்படி ஒரு குடும்பம் விட்டுப்போன வீடுதான். நீங்கள் அறுவை செய்யும் அறையின் கிழக்குச் சுவரில், இப்போது பஞ்சுப் பொட்டலங்கள் அடுக்கியிருக்கிறீர்களே, அந்த மாடத்தில் அவர்கள் விளக்கேற்றுவார்கள். நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். முன்பக்கத் திண்ணையில் அந்த வீட்டு ஆயா உட்கார்ந்து வெற்றிலை இடிப்பாள். இன்று அதே திண்ணையில்தான் நாங்கள் நாயை மடியில் கிடத்திக்கொண்டு முறைக்குக் காத்திருக்கிறோம். உங்களுக்கு முன் மருத்துவமனையை நடத்தியவர் எதற்காக இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும், ஏனென்றால் அது எங்கள் மாட்டோடு தொடங்கிய கதை.

1964-ஆம் ஆண்டு எனக்கு எட்டு வயது. அப்பாவிடம் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. தெருவுக்கே எங்கள் வீட்டுப் பால். ஒரு மழை இரவில் மூத்த மாட்டுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டது. அப்பா இரண்டு மணி நேரம் முயன்றார். பிறகு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குதிரைப் பந்தயத் திடலுக்கு ஓடினார். அங்கே குதிரைகளைப் பார்க்க ஒரு மருத்துவர் இரவில் தங்குவார் என்று கேள்விப்பட்டிருந்தார். அந்த மருத்துவர் வெள்ளையர். அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்கு வெள்ளையர் வந்தால் வீட்டை அளக்க வந்திருப்பார், அல்லது ஆள் பிடிக்க வந்திருப்பார். இவர் ரப்பர் பூட்ஸோடு சேற்றில் இறங்கி, சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை சவுக்காரம் பூசிக்கொண்டு, லாந்தர் வெளிச்சத்தில் கன்றைத் திருப்பி எடுத்தார். அம்மா காப்பி கொடுத்தாள். அப்பா காசை நீட்டியபோது வாங்கவில்லை. வாசலில் கிடந்த கொத்துமல்லியில் ஒரு கட்டு மட்டும் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் வாரம் ஒருமுறை வரத் தொடங்கினார். பிறகு இரண்டு முறை. பந்தயக் குதிரைகளுக்கு நல்ல மருத்துவர்கள் வரிசையில் நிற்பார்கள், இங்கே ஒருவரும் வர மாட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் செங்கல் வீடு காலியானதும் அதை எடுத்துக்கொண்டு முழுநேரமாக இங்கேயே அமர்ந்தார். டர்பனில் அவருக்கு வேறு இடம் கிடைக்காமல் இல்லை. மாடும் ஆடும் நாயும் வைத்திருப்பவர்கள் நடந்து வரக்கூடிய இடம் வேண்டும் என்பதற்காகவே அந்த வீட்டை எடுத்தார். இன்று பந்தயத் திடல் இல்லை. அங்கே கிடங்குகள் நிற்கின்றன. மாடுகளும் இல்லை. நடந்து வருகிறவர்கள் மட்டும் இருக்கிறோம்.

நாங்கள் எப்படி வருகிறோம் என்பதைத் திண்ணையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் நீங்களே பார்க்கலாம். மெர்பாங்கிலிருந்து ஒரு பையன் தன் நாயைக் கட்டட வேலைக்கான ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவான். வென்ட்வொர்த்திலிருந்து ஓர் அம்மா பூனையைத் தலையணை உறையில் போட்டு, அதன் முகம் மட்டும் வெளியே தெரியும்படி மார்போடு பிடித்துக்கொண்டு வருவார். பக்கி என்னும் சிறு சரக்கு வண்டி வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரர் ஞாயிறன்று ஏற்றிவருவார்; வேலை நாளில் அவருக்கு நேரம் ஏது? மீதிப் பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம்.

டாக்சியில் ஏன் வரவில்லை என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். மினிபஸ் டாக்சியில் 15 பேர் தோளோடு தோள் நெருக்கி உட்காருகிறார்கள். அதில் வாந்தி எடுக்கும் நாயோடு யாரை ஏற்றுவார்கள்? இரக்கமுள்ள ஓட்டுநர் பெட்டியில் வைத்த குட்டியை ஓர் ஆளுக்குரிய கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றுவார். வளர்ந்த நாய் என்றால் கதவு சாத்திக்கொள்ளும். எல்லா ஓட்டுநரையும் நான் குறை சொல்லவில்லை. நாய்க்கு அஞ்சும் பயணிகளும் அந்த வண்டியில் இருக்கிறார்கள், அவர்கள் பயமும் நியாயம்தான். நகராட்சிப் பேருந்தில் ஏற முடியாது. ரயில் ஒரு காலத்தில் இருந்தது; இன்று அதை நம்பி நோயாளி நாயோடு யாரும் நடைமேடையில் நிற்பதில்லை. கைபேசியில் அழைக்கும் வாடகைக் கார், நாய் இருக்கிறது என்று தெரிந்ததும் முக்கால்வாசி நேரம் திரும்பிப் போய்விடும். அது நின்றாலும் அந்தக் காசு எங்கள் கையில் இல்லை.

இப்போது என் நாய் ராஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் கஞ்சியைத் தொடவில்லை. நண்பகலில் சுவரோரம் போய்ப் படுத்தான். மூன்று மணிக்கு அவன் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனதைப் பார்த்தேன். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைக் காகிதம் போல இருந்தது. உண்ணி கடித்து வரும் பிலியரி என்பது இந்த நாட்டில் நாய் வளர்க்கும் எல்லாருக்கும் தெரியும். உண்ணி வழியாக உள்ளே போகும் கிருமி இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். காலையில் சோர்ந்து படுக்கும் நாய் மறுநாள் இல்லாமலும் போகலாம். பழைய போர்வையில் அவனைப் போட்டு, நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். பதினான்கு நிமிடம். வழியில் இரண்டு முறை கீழே வைத்தோம்.

உங்கள் மருத்துவர், அந்த இளம் பெண், இரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஊசி மட்டும் போதாது, இரத்தம் ஏற்றியாக வேண்டும் என்றார். இரத்தம் கொடுக்கப் பெரிய, நலமான நாய் ஒன்று வேண்டும். அவரே கதவைத் திறந்து திண்ணையில் இருந்தவர்களைக் கேட்டார். இரண்டு தெரு தள்ளி ஒரு லாரி நிறுத்துமிடத்தில் காவல் பார்க்கும் மனிதர் தன் பூனைக்கு மருந்து வாங்க வந்திருந்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து ஓடினார். அரைமணி நேரத்துக்குள் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாயோடு திரும்பி வந்தார். அந்த நாயின் இரத்தம் சொட்டுச் சொட்டாக ராஜாவுக்குள் இறங்கியது. ஏழு மணி அளவில் அவன் வாலை ஒருமுறை அசைத்தான்.

மருத்துவர்களே, அன்று ராஜாவைக் காப்பாற்றியது உங்கள் படிப்பு; அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் பதினான்கு நிமிடமும் இரண்டு தெருவும் அதில் பாதி. அம்ஷ்லாங்காவில் உங்களிடம் இதைவிட நல்ல கருவிகள் இருக்கலாம். அந்தக் காவல்காரர் அங்கே இருக்க மாட்டார். ராஜாவும் அங்கே வந்து சேர்ந்திருக்க மாட்டான்.

போய்ப் பார்த்தேன் என்றேனே, அதைச் சொல்லுகிறேன். நாய் இல்லாமல், வெறுங்கையோடு, காலை ஏழேகாலுக்குப் புறப்பட்டேன். சவுத் கோஸ்ட் சாலையில் நகரத்துக்கு ஒரு டாக்சி. இறங்கி வார்விக்கின் கூட்டத்துக்குள் புகுந்து, வடக்கே போகும் டாக்சி நிற்கும் இடத்துக்கு நடந்தேன். வண்டி நிறையும் வரை காத்திருந்தேன். நிறையாமல் எடுக்க மாட்டார்கள். அம்ஷ்லாங்காவில் வணிக வளாகத்துக்கு முன் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து மேட்டில் இருபத்தைந்து நிமிட நடை. பாதி வழியில் நடைபாதை முடிந்துவிடுகிறது, புல்லில் நடந்தேன். உங்கள் புதிய வளாகத்தின் வாசலில் காவலர் ஒரு பதிவேட்டை நீட்டினார். பெயர், நேரம், வண்டி எண். நடந்து வந்திருக்கிறேன் என்றேன். அவர் வண்டி எண் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதில் ஒரு கோடு போட்டார். மணி ஒன்பது நாற்பது. நலமாக இருக்கும் நான், சுமை இல்லாமல், இரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். லாமண்ட்வில் கோகோவுக்கு அங்கே எப்படிப் போவது என்பதற்கு இதுதான் விடை. இதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

நீங்கள் சொல்லும் காரணங்களை நான் தள்ளிவிடவில்லை. கன்டெய்னர் லாரிகள் எங்கள் தெருக்களைத் தின்றுவிட்டன. துறைமுகத்திலிருந்து இரவும் பகலும் வருகின்றன. வீடு இருந்த இடமெல்லாம் லாரி நிறுத்துமிடம் ஆகிவிட்டது. சாலை ஓரத்தில் பிள்ளை நடக்க அஞ்சுகிறது. உங்கள் சுவரை ஒரு லாரி பின்னால் வந்து இடித்ததையும், மதிலை நீங்கள் இரண்டு முறை கட்டியதையும் நாங்கள் பார்த்தோம். காரில் வருகிறவர்கள் நிறுத்த இடம் இல்லாமல் திரும்பிப் போகிறார்கள் என்பதும் மெய். அவர்கள் கொடுக்கும் கட்டணத்தில்தான் எங்களுக்குக் குறைத்து வாங்குகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் கணக்கை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். லாரியில் அடிபட்ட நாயை உங்கள் மேசையில் எத்தனை முறை கிடத்தியிருக்கிறோம்? லாரிகள் இங்கேயே இருக்கப் போகின்றன. அடிபடுவதும் இங்கேதான் நடக்கப் போகிறது. அந்த லாரிகளைக் காரணம் காட்டி நீங்கள் போனால் அடிபட்டதை நாங்கள் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? லாரிகளுக்கு எதிராக நகராட்சிக்குப் போட்ட மனுக்களில் எல்லாம் என் கையெழுத்து இருக்கிறது. உங்கள் கையெழுத்தையும் அதில் சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாங்கள் கேட்டு வந்தபோது, மருத்துவமனை ஊர்ப் பிரச்சினையில் தலையிடாது என்றீர்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் குவாசூலு-நடால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்ட வெள்ளம். சாலைகள் அறுந்தன, பாலங்கள் போயின, குழாயில் தண்ணீர் இல்லை. அந்த வாரத்தில் தெற்கிலிருந்து நகரத்தைக் கடந்து வடக்கே போவது மனிதருக்கே பெரும்பாடாக இருந்தது. உங்கள் மருத்துவர் இருவர் அந்தத் திண்ணையில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு சேற்றில் இருந்து மீட்ட நாய்களைப் பார்த்தார்கள். நாங்கள் வாளியில் தண்ணீர் சுமந்து கொடுத்தோம். அன்று நீங்கள் மேட்டில் இருந்திருந்தால் உங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும், எங்களுக்கு நீங்கள் இல்லாமலே போயிருப்பீர்கள்.

தீபாவளி இரவுகளைப் பற்றியும் ஒரு சொல். வெடிச்சத்தத்தில் மிரண்டு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிய நாய்களை மறுநாள் காலையில் பிள்ளைகள் கயிற்றில் கட்டி உங்கள் வாசலுக்கு இழுத்து வருவார்கள். சாட்ஸ்வர்த்திலிருந்து உறவினர் தேடிக்கொண்டு வந்து அங்கே கண்டுபிடிப்பார்கள். வெடியைப் பற்றி நாம் தமிழர்கள் நமக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதை நான் கோயில் கூடத்தில் சொல்லித் திட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் காணாமல் போன நாயைத் தேட ஊருக்குத் தெரிந்த ஒரே இடம் உங்கள் திண்ணை.

இனி, எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது. இந்த மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோய் நிலைகொண்டிருக்கிறது. அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். நாய் கடித்தால் சவுக்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று உங்கள் சுவரில் படம் போட்டு எழுதியிருக்கிறது. சட்டப்படி ஒவ்வொரு நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாத வயதில் முதல் ஊசி, அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை. காரில் வருகிறவர்களின் நாய்கள் மதிலுக்குள் இருக்கின்றன. தெருவில் மற்ற நாய்களோடு கலந்து திரிவதும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குக் குறுக்கே ஓடுவதும் நடந்து வருகிறவர்களின் நாய்கள்தான். லாமண்ட்வில் கோகோவின் வீட்டில் நாலு நாய். நாலுக்கும் உங்கள் தடுப்பூசி அட்டை இருக்கிறது, பைபிளுக்குள் வைத்திருக்கிறார். அரசாங்கம் முகாம் போட்டு இலவசமாகப் போடுகிறது, ஆனால் அது எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். அடுத்த ஊசிக்கு அவர் நாலு நாய்களோடு அம்ஷ்லாங்காவுக்குப் போவார் என்று நீங்கள் உண்மையாகவே நம்புகிறீர்களா? போக மாட்டார். போக முடியாது. அந்த அட்டைகளில் தேதி கடந்துபோகும். அதற்குப் பிறகு நடக்கக்கூடியதை மருத்துவம் படித்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தம்பி, உங்களுக்கு வகுப்பில் மனுநீதிச் சோழன் கதை சொன்னேன். எல்லாரையும் போலவே நீங்களும் தேர்க்காலில் மகனை இட்டதைத்தான் வாய்பிளந்து கேட்டீர்கள். எனக்கு அந்தக் கதையில் பெரிதாகத் தோன்றுவது வேறு. திருவாரூரில் அந்த ஆராய்ச்சி மணி அரண்மனை வாசலில், கயிறு கீழே தொங்க, ஒரு பசு தானாக நடந்து வந்து இழுக்கக்கூடிய இடத்தில் கட்டியிருந்தது. மன்னன் எவ்வளவு நீதிமானாக இருந்தாலும், மணியை மலைமேல் கட்டியிருந்தால் அந்தப் பசு கன்றை இழந்த இடத்திலேயே நின்று கத்தியிருக்கும், ஒருவர் காதிலும் விழுந்திருக்காது. உங்கள் முன்னவர் இந்தச் செங்கல் வீட்டில் மணியைக் கட்டினார். அறுபது ஆண்டுகளாக அது கைக்கெட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த ஊரைவிட்டுப் போ என்று எங்களுக்குச் சட்டம் சொன்னது, நகரசபை சொன்னது, இப்போது லாரிகள் சொல்லுகின்றன. நீங்களும் அந்த வரிசையில் வந்து நிற்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் எங்களைத் துரத்தவில்லைதான். ஆனால் ஒவ்வொரு கதவாக மூடும்போது மிஞ்சியிருப்பவர்களுக்கு மிஞ்சியிருக்கக் காரணம் குறைந்துகொண்டே வருகிறது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

முதலில், தாளில் குறித்த தேதியை நிறுத்திவையுங்கள். அதற்கு முன் ஒருநாள் எங்களோடு உட்காருங்கள். கோயில் கூடத்தைக் கேட்டு வைத்திருக்கிறேன், தருகிறோம் என்றிருக்கிறார்கள். ஞாயிறு காலை என்றால் மெர்பாங்கிலிருந்தும் சாட்ஸ்வர்த்திலிருந்தும் லாமண்ட்வில்லிலிருந்தும் ஆட்கள் வர முடியும். சூலு மொழியில் பேசக்கூடிய ஒருவரை உங்கள் பக்கத்திலிருந்து அழைத்து வாருங்கள். கதவில் ஒட்டும் தாளையும் இனி சூலு மொழியிலும் எழுதுங்கள்; திண்ணையில் உட்காருபவர்களில் பாதிப் பேர் அவர்கள்.

புதிய மருத்துவமனை உங்களுக்குத் தேவை என்றால் கட்டிக்கொள்ளுங்கள், அதைத் தடுக்க எங்களுக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் இந்த வீட்டை மூடாதீர்கள். கால்நடை மருத்துவ மன்றத்தின் விதிகளில் முழு மருத்துவமனை ஒன்றுதான் வழி என்று இல்லை. சிறிய ஆலோசனை அறையாகவும் பதிவு செய்யலாம், நடமாடும் சேவையாகவும் பதிவு செய்யலாம். வாரத்தில் மூன்று நாள் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் இங்கே இருக்கட்டும். ஊசி, உண்ணி மருந்து, கட்டுப்போடுவது, பிலியரி வந்த நாய்க்கு முதல் மருந்தைக் கொடுத்து உயிரைப் பிடித்துவைப்பது, இவ்வளவு இங்கே நடந்தால் போதும். அறுவை தேவைப்படுவதை உங்கள் வண்டியிலேயே மேலே கொண்டுபோய், மறுபடி இங்கேயே கொண்டுவந்து விடுங்கள். மாலையில் ஒரு முறை அந்த வண்டி ஓடினால் போதும். அதற்கு ஒரு சிறு கட்டணம் வைத்தாலும் நாங்கள் கொடுப்போம். இரண்டு டாக்சிக்கு ஆகும் காசைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு மாதம் ஒருநாள் தவறாமல் இங்கே வையுங்கள். அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். மேசை போடுவதும் வரிசையை ஒழுங்கு செய்வதும் அட்டை எழுதுவதும் எங்கள் பொறுப்பு. தையல் ஆலையில் என்னோடு வேலை பார்த்த பெண்கள் பத்துப் பேர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இவை எதுவும் முடியாது, போயே ஆக வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், எங்கள் நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டை லாரி நிறுத்துமிடத்துக்கு விற்காதீர்கள். அதிக விலை அவர்கள்தான் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கும் ஓர் இளம் மருத்துவருக்கு, தவணையில் கொடுங்கள், அல்லது குறைந்த வாடகைக்கு விடுங்கள். ராஜாவைக் காப்பாற்றிய அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். அவருக்கு அந்தத் திண்ணை தெரியும்.

இந்த மாத முடிவுக்குள் விடை வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி, சூலு மொழியில் எழுதினாலும் சரி, அதே கதவில் ஒட்டுங்கள். லாமண்ட்வில் கோகோ அந்தக் குட்டிகளுக்கு அடுத்த ஊசி போட வியாழக்கிழமை வருவார். நானும் வருவேன். அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

கிளேர்வுட்டிலிருந்து,
ராஜாவை வளர்ப்பவள்